பின்னால் வருகிற வண்டி

டிச. 2, செவ்வாய்

பனி. வைப்பர் ரப்பர் போய்விட்டது. ஒரு பக்கம் துடைக்கிறது, ஒரு பக்கம் கீறுகிறது. இன்று வாங்கியே ஆக வேண்டும். சர்க்கரை மாத்திரையும் தீர்ந்துவிட்டது.

தூக்கம் சரியில்லை. ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்குச் சூலூரில் வீடு இருக்கக் கூடாது. கண் அசரும் நேரம் பார்த்து விமானம் மேலே போகிறது. அது போனால் பக்கத்து வீட்டுத் தறி. தறி நின்றால், ஏன் நின்றது என்று கேட்க சாந்தி எழுந்து போகிறாள். கதவுச் சத்தம். பெண்டாட்டியை என்ன சொல்ல முடியும், அவளுக்குப் பகல் அது.

நேற்று ராத்திரி அந்த ஆள் மறுபடியும்.

செங்காட்டுக்குச் சாலை பிரிகிற இடம், செங்காட்டுப் பிரிவு வளைவு. ரெண்டாவது ஷிப்ட் முடிந்த மில் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், எல்லாரும் தூக்கம். வளைவு திரும்பினதும் லைட்டுக்கு நேராக ஓடி வருகிறார். வெள்ளை பனியன், கைலி, காலில் ஒன்றுமில்லை. சாலையைத் தாண்டுகிற ஆள் என்றால் குறுக்கே ஓடுவான். இவர் வண்டியைப் பார்த்தே ஓடி வருகிறார், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு. பிரேக்கை மிதித்ததில் பெண்கள் எல்லாரும் முன் சீட்டில் முட்டிக்கொண்டார்கள். யாருடைய சோற்றுத் தூக்குப்போசியோ உருண்டு என் காலடிக்கு வந்தது.

ஆள் என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டவில்லை. நேராகப் பக்கவாட்டுக் கதவுக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக. "ராமாத்தா எறங்கலீங்களா?"

வயசான மனுசன். மூச்சு வாங்குகிறது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதில் கோபம் வேறு. ஆனால் அந்த 'ங்களா'வுக்குப் பிறகு எப்படித் திட்டுவது. "பின்னால வண்டில வாராங்க, நீங்க ஓரமா நில்லுங்க" என்றேன். "சேரிங்க, சேரிங்க" என்று உடனே ஒதுங்கிவிட்டார். போன தடவையும் இதைத்தான் சொன்னேன், போன தடவையும் ஒதுங்கினார். வேலை செய்கிறது.

டயர் கடையில் தை மாதம் கொடுத்த டைரி இது. டீசல் கணக்குக்கு என்று வைத்திருந்தேன், பாதிப் பக்கம் காலி. வருசம் முடியப் போகிறது, எதையாவது எழுதித் தீர்க்கலாம்.

டிச. 3, புதன்

வைப்பர் மாற்றியாயிற்று. மாத்திரை வாங்க மறந்துபோச்சு.

டிரைவர்கள் வாட்ஸப் குரூப்பில் செங்காட்டுப் பிரிவுதான் பேச்சு. மில் வண்டி, டாக்ஸி, கோழி வண்டி, எல்லாரும் குரல் பதிவு போட்டிருக்கிறார்கள். வந்த யோசனைகள்:

நிறுத்தாதே. நிறுத்தினால் புதரில் இருந்து நாலு பேர் வருவான்.

டிம் பிரைட் மாற்றி மாற்றி அடி, கண் கூசினால் ஓடிவிடுவான்.

ஸ்டியரிங்கை மட்டும் ஒடிக்காதே, நேராகப் போ, அவனே விலகுவான். (விலகாவிட்டால்? அதை யாரும் சொல்லவில்லை.)

கண்ணாடியில் முட்டை அடிப்பான், வைப்பர் போடாதே. புது வைப்பர் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்குத்தானா இது.

கடைசியாக ஒருவன், அது ஆளே இல்லை, போன வருசம் அங்கே அடிபட்டுச் செத்தவன், எலுமிச்சம்பழம் வையுங்கள் என்கிறான். ஒரு மணி நேரம் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தவனுக்கு அப்படி மூச்சு வாங்காது.

மில்லில் டிரான்ஸ்போர்ட் பார்க்கிறவர் கூப்பிட்டார். "பொம்பளப் பிள்ளைங்க வண்டிப்பா. எவனா இருந்தாலும் நிறுத்தாத. ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லோணும்." நிறுத்தினாலும் நான்தான், நிறுத்தாமல் ஆள் மேல் ஏற்றினாலும் நான்தான். சரிங்க சார் என்றேன்.

நேற்று சரோஜாக்கா வண்டியில் வரவில்லை. மில்லில் முப்பது வருசம், முன் சீட்டு அவருக்கென்று எழுதி வைத்தது போல. டபுள் பார்க்கிறாராம். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் மெஷினை விட்டுவிட்டு வர முடியாது, அப்படியே நின்று விடிய விடியப் பார்த்துவிட்டுக் காலையில்தான் வீடு. அவர் வீட்டுக்காரர் நிறுத்தத்தில் நின்றிருந்தார். "டபுளுங்க" என்றேன். ஒரு கேள்வி இல்லை. "சேரி" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மில்காரர் குடும்பத்தில் இந்த ஒரு வார்த்தைக்கு மேல் யாரும் கேட்பதில்லை.

பிரிவில் அந்த ஆள். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டேன். அதே கேள்வி. அதே பதில்.

டிச. 5, வெள்ளி

தலைவலி. சாந்தி கசாயம் வைத்துக் கொடுத்தாள். மாத்திரை வாங்கியாச்சா என்றாள். வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். போய் வாங்கியாக வேண்டும்.

வண்டியில் சண்டை. ரம்யா என்று புதுப் பெண், ஆறு மாதமாக வருகிறாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கடைசி சீட்டில் தூங்குவாள். நேற்று அந்த ஆள் கதவில் எட்டிப் பார்த்தபோது கண் விழித்திருக்கிறாள். கத்தினாளே ஒரு கத்து.

"ஏனுங்ணா, தெனமும் ஒரு ஆளு வந்து நாங்க தூங்கறத எட்டிப் பாத்துட்டுப் போறான். நீங்களும் நிறுத்தி நிறுத்திக் காட்டறீங்க. இது என்ன கண்காட்சியா?"

நியாயம்தான். அவள் செல்போன் லைட்டை அடித்து அவர் முகத்தில் பிடித்தாள். அப்போதுதான் முன் சீட்டில் இருந்த சரோஜாக்கா திரும்பிப் பார்த்தார்.

"அட சாமி. லைட்ட எறக்கு கண்ணு. அது சின்னச்சாமியண்ணன். நம்ம ராமாத்தாக்கா ஊட்டுக்காரரு."

ஆள் அதற்குள் என் பதிலைக் கேட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுவிட்டார். வண்டி நகர்ந்த பிறகு சரோஜாக்கா சொன்னது: ராமாத்தாள் இதே மில்லில் ரெண்டாவது ஷிப்ட் பார்த்தவர். சின்னச்சாமி தறி ஓட்டினவர். அந்தக் காலத்தில் மில் வண்டி செங்காட்டுக்குள் போகாது, பிரிவிலேயே இறக்கிவிடும். பிரிவில் இருந்து வீட்டுக்கு ஒரு விளக்கு கிடையாது, நாய் வேறு. தறியை நிறுத்திவிட்டு தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிரிவுக்கு வந்து நிற்பார். மழையானாலும் நிற்பார். வண்டி நின்றால், இறங்குகிற அம்மா கையில் இருந்து தூக்குப்போசியை வாங்கி ஹேண்டில் பாரில் மாட்டிக்கொள்வார். "நாங்க எல்லாரும் கேலி பண்ணுவோம். ராமாத்தாக்காவுக்கு வெக்கமா போயிரும்."

"அந்தம்மா எப்பத் தவறுனாங்க?" என்றேன்.

"தவறலயே. ரிட்டேராகி ஊட்லதான் இருக்குது. அவருக்குத்தான் நெனப்புத் தப்பிப் போச்சாமா."

ரம்யா லைட்டை அணைத்துவிட்டு ஒயரை மாட்டிக்கொண்டாள். பாட்டுப் போட்ட மாதிரித் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் சாந்தி தூங்குகிறாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. காத்துக்கொண்டிருக்காதே என்று நான் சொல்லித்தான் நிறுத்தினாள். நல்லதுதான். ஆனாலும் சோற்றை நானே போட்டுச் சாப்பிடும்போது என்னவோ மாதிரி இருந்தது.

டிச. 6, சனி

மாத்திரை வாங்கியாச்சு.

டீக்கடையில் முருகேசன். கறிக்கோழி வண்டி ஓட்டுகிறவன், கோழி சாவதற்குள் பாலக்காட்டுப் பக்கம் சேர்க்க வேண்டும் என்று பறப்பவன். செங்காட்டுப் பிரிவில் எனக்குப் பின்னால் வருகிற வண்டி பெரும்பாலும் அவனுடையது. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினான்.

"நேத்து அந்தப் பெரியவரு செத்திருப்பாருங்ணா. பிரேக்கு மேல ஏறி நின்னுட்டேன். பம்பருக்கும் அவருக்கும் ஒரு சாண் இல்லைங்ணா. பொட்டியெல்லாம் சரிஞ்சு போச்சு. எறங்கி ரெண்டு வைக்கலாம்னு போனா, வண்டியச் சுத்திச் சுத்திப் பாக்கறாரு. 'முன்னால போன மில்லு வண்டிக்காரரு சொன்னாருங்க, ராமாத்தா இந்த வண்டிலதான் வாராளாமா'ங்கறாரு. கோழி வண்டில எங்கீங்ணா ராமாத்தா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"நீ என்னடா சொன்ன?"

"என்னத்தச் சொல்றது. பின்னால வாராங்க, ஓரமா நில்லுங்கன்னு சொல்லித் தாட்டிவுட்டேன்."

அவனுக்குப் பின்னால் வருவது டிப்பர் லாரி. அது யாருக்கும் நிற்காது.

அப்போதுதான் உறைத்தது. மற்ற டிரைவர்களையும் கேட்டேன், ஒவ்வொருவனாக. நிறுத்தாமல் போனவர்கள் பாதி. நிறுத்தின அத்தனை பேரும் ஒரே பதில். டாக்ஸிக்காரன், பால் வண்டிக்காரன், எல்லாரும். யாரும் யாரிடமும் கேட்டு வைத்துக்கொண்டு சொன்னதில்லை. எங்கள் பக்கத்து வாயில் 'இல்லை' வராது. கல்யாணத்துக்குப் போக முடியாதென்றால் 'பாக்கலாமுங்க'. பெண் பிடிக்கவில்லை என்றால் 'ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க'. ராமாத்தா இல்லை என்பதற்கு 'பின்னால வாராங்க'. மரியாதையாகச் சொல்லி மரியாதையாக அந்த மனுசனை அடுத்த வண்டிக்கு நேராகத் தள்ளிவிட்டிருக்கிறோம். முதலில் தள்ளினது நான். வேலை செய்கிறது என்று செவ்வாய்க்கிழமை எழுதி வைத்திருக்கிறேன், முட்டாப்பயல்.

நாளைக்கு வார லீவு. செங்காட்டுக்குப் போக வேண்டும்.

டிச. 7, ஞாயிறு

வெயில். கறி எடுக்கச் சொன்னாள் சாந்தி. எடுத்துக் கொடுத்துவிட்டு செங்காட்டுக்குப் போனேன். சரோஜாக்கா வழி சொல்லியிருந்தார்.

ஓட்டு வீடு, முன்னால் முருங்கை. சின்னச்சாமி வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து நூல்கண்டு சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்ததும் பிரித்துவிட்டு மறுபடி சுற்றுகிறார். என்னைத் தெரியவில்லை. "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். பகலில் எவ்வளவு நல்ல மனுசன்.

ராமாத்தாள் அம்மா உள்ளே இருந்து வந்தார். ஒல்லி, கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடக்கிறது. நான் மில் வண்டி டிரைவர் என்றதுமே தெரிந்துகொண்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"அடிச்சுப் போட்டீங்களா சாமி? காலுல ரத்தம் இருந்துச்சு, நாந்தான் கல்லுக் குத்திருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

இல்லைங்கம்மா, அடிக்கவில்லை, அடிபடுவதற்குள் பேசிவிட்டுப் போக வந்தேன் என்றேன்.

அந்த அம்மா வாசல் கேட்டைப் பூட்டிப் பார்த்தாராம். அவர் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்தாராம். அந்த அம்மா தன் சேலைத் தலைப்பை அவர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தாராம். இந்த அம்மாவின் தூக்கம் கெடாமல் பூப்போல முடிச்சை அவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மகன் ஓசூரில். போனில் "எங்காச்சும் சேத்திரலாம்மா" என்கிறான். "சேத்துனா அங்க எந்த வண்டிக்குப் போயி நிப்பாரு?" என்று என்னைக் கேட்டார் அந்த அம்மா.

"உங்கள யாருன்னு நெனைக்கறாருங்க?"

"சமையலுக்கு வந்த அம்மான்னு நெனைக்கறாரு. கட்டிட்டு வந்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு நாளும் என்னய 'ங்க' போட்டுப் பேசுனதில்லைங்க. அடியே, ஏபுள்ள, அவ்வளவுதான். இப்ப என்னடான்னா, சோறு போதுமுங்க, நீங்க சாப்டீங்களாங்கறாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்க முயன்றேன்.

பிறகு எனக்கு வந்த யோசனை. அவர் வண்டியில் இருந்து இறங்கும் ராமாத்தாளைத்தானே தேடுகிறார். நீங்களே வண்டியில் இருந்து இறங்கினால் என்ன. வீட்டுக்குள் பார்த்தால் தெரியாதது, வண்டிப் படியில் பார்த்தால் தெரியலாம். பழைய தூக்குப்போசி இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் "வாரேனுங்க" என்றார். முந்தின நிறுத்தம் வரைக்கும் இட்டேரி வழியாக நடந்தே வந்துவிடுகிறேன், அவர் கிளம்பினதும் பின்னாலேயே நானும் கிளம்பிவிடுகிறேன் என்றார். இட்டேரி என்றால் ரெண்டு பக்கமும் கள்ளி வேலி, நடுவில் வண்டித் தடம், பாம்பு பூச்சி எல்லாம் உண்டு. இந்த வயசில். எனக்கே நாக்கு கூசியது. வேறு வழியும் தெரியவில்லை.

வெளியாட்களை மில் வண்டியில் ஏற்றக் கூடாது என்று விதி. பார்த்துக்கொள்ளலாம்.

டிச. 9, செவ்வாய்

திங்கட்கிழமை ஷிப்ட் ராத்திரியைப் பற்றி இன்று மத்தியானம் எழுதுகிறேன். தூங்கவில்லை. விமானத்தைக் குறை சொல்ல முடியாது.

முந்தின நிறுத்தத்தில் அந்த அம்மா தயாராக நின்றார். கஞ்சி போட்ட சேலை, கையில் எவர்சில்வர் தூக்குப்போசி, மூடியில் பெயர் வெட்டியது. காலெல்லாம் பனி ஈரம். ரம்யாதான் கை கொடுத்து ஏற்றினாள், முன் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "இப்ப என்ன கவுண்ட்டு ஓடுது?" கவுண்ட் என்றால் நூலின் சன்னத்தைச் சொல்கிற எண். நாற்பதாம் நம்பர் என்றார்கள். "நாங்க இருக்கறப்பவும் அதேதான்" என்றார். சரோஜாக்கா திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

வளைவுக்கு முன்பே நாலு பக்கமும் இண்டிகேட்டர் போட்டேன். உள் லைட்டை எரிய விட்டேன். தூங்குகிறவள் யாருமில்லை, ரம்யாவும் ஒன்றும் சொல்லவில்லை. நடை வேகத்தில் போனேன். அவர் ஓடி வந்தார். நின்றேன். கதவைத் திறந்தேன்.

அந்த அம்மா படியில் இறங்கினார். சின்னச்சாமி பார்த்தார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"மெதுவா எறங்குங்க, படி ஒசரமுங்க" என்று கை நீட்டிப் பிடித்து இறக்கிவிட்டார். இறக்கிவிட்டு, அந்த அம்மாவின் தோளுக்கு மேலாக வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ராமாத்தா எறங்கலீங்களா?"

'பின்னால' என்று என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். பின்னால் தூரத்தில் ஒரு வண்டியின் வெளிச்சம், முருகேசனாக இருக்கும்.

அந்த அம்மாதான் பேசினார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"ராமாத்தா இன்னிக்கு டபுள் பாக்குதுங்க. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரலையாமா. காலைலதான் வருமாமா. உங்கள ஊட்டுக்குப் போயித் தூங்கச் சொல்லுச்சுங்க."

அவர் வண்டியை ஒரு தடவை பார்த்தார். "அப்படிங்களா. சோத்துக்கு என்ன பண்ணுவா?"

"கேண்டீன்ல சாப்ட்டுக்கறேன்னுச்சுங்க."

"சேரிங்க." அவ்வளவுதான். இத்தனை ராத்திரி, இத்தனை வண்டிக்கு முன்னால் ஓடின மனுசன், சேரி என்று கையைக் கீழே போட்டுவிட்டார். போகத் திரும்பினவர் நின்று கேட்டார். "நீங்க எந்தப் பக்கம் போகோணும்?"

"உங்க ஊட்டுப் பக்கந்தானுங்க."

"இருட்டா இருக்குதுங்க. நாய் இருக்கும். வாங்க, கொண்டுபோய் உடறேன்." அந்த அம்மா கையில் இருந்த தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த அம்மா பின்னால். ரெண்டு பேரும் இருட்டுக்குள் போகும் வரைக்கும் நான் வண்டியை ஒடித்து லைட் அந்தப் பாதையில் விழும்படி நிறுத்திக்கொண்டு நின்றேன்.

முருகேசன் பின்னால் வந்து நின்றும் ஹாரன் அடிக்கவில்லை. அதுவே பெரிசு.

சரோஜாக்கா வீடு வரும் வரைக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். என் யோசனை பலிக்கவில்லை. ஆனால் ஆள் வீட்டுக்குப் போய்விட்டார்.

டிச. 10, புதன்

குரூப்பில் குரல் பதிவு போட்டேன். பேசிப் பழக்கமில்லை, நாலு தடவை அழித்து அழித்துப் போட்டேன். செங்காட்டுப் பிரிவில் ஓடி வருகிறவர் திருடன் இல்லை, பேய் இல்லை, நம்ம மில்லில் வேலை பார்த்த அம்மாவின் வீட்டுக்காரர். வளைவில் வேகத்தைக் குறையுங்கள். யாரும் பின்னால் வருகிறார்கள் என்று சொல்லாதீர்கள். ராமாத்தா டபுள் பார்க்கிறார், காலையில் வருவார் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

எலுமிச்சம்பழக்காரன் ஒரு கும்பிடு போட்டான். டிப்பர் ஓட்டுகிறவன் ஒருவன் குரூப்பில் இருப்பதே இன்றுதான் தெரிந்தது. "சரிங்ணா, சொல்லீர்றேன்" என்று மட்டும் போட்டிருந்தான். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மில்லில் கூப்பிட்டு வெளியாளை ஏற்றினதற்குத் திட்டு. யாரோ சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் ஏற்ற மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பொய்யில்லை, அந்த அம்மா இனிமேல் ஏற வேண்டியதில்லை. இட்டேரி வழியாக நடக்கவும் வேண்டாம். டபுள் என்று நாங்களே சொன்னால் போதும்.

சாந்தியிடம் எல்லாம் சொல்லியிருந்தேன், விழித்துக்கொண்டிருந்தாள். "அவரு வந்தாரா?" என்றாள். வந்தார், சொன்னேன், போய்விட்டார் என்றேன். "ம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். சோறு போட்டு மூடி வைத்திருந்தாள்.

டிச. 12, வெள்ளி

ஒன்றும் விசேஷமில்லை. காற்று. பின் டயர் ஒன்று மொட்டை, மாற்றச் சொன்னால் அடுத்த மாதம் என்கிறார்கள்.

முருகேசன் டீக்கடையில் பெருமையடித்துக்கொள்கிறான். "டபுள்னு சொன்னேங்ணா, ஒடனே போய்ட்டாரு. போறப்ப எனக்கு, பாத்துப் போங்க, கோழி குளுருல வெறைச்சுக்கும்னு சொல்லிட்டுப் போறாரு." அவனுக்கு இப்போது அவர் மேல் ஒரு பாசம். நேற்று கோழி ஒன்றை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தானாம். கணக்கில் செத்த கோழி என்று எழுதிக்கொள்வான், அவன் சாமர்த்தியம்.

ரம்யா இப்போது முன் சீட்டுக்குப் பின்னால் உட்காருகிறாள். பிரிவு வந்தால் அவளே கண்ணாடியை இறக்கி, "டபுளுங்க தாத்தா" என்கிறாள்.

எல்லாம் சரிதான். ஆனால் எத்தனை நாளைக்கு. ஒவ்வொரு ராத்திரியும் அவருக்கு அது முதல் ராத்திரி. எங்களுக்கு அப்படியில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அந்த அம்மா மில்லுக்குள் நின்றுகொண்டிருப்பது போல ஒரு நினைப்பு. தறி, விமானம், தூக்கம் இல்லை. கண் எரிகிறது.

டிச. 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. விடியுமுன் கோயில் மைக். தூக்கத்தைக் கெடுக்க இனி ஒரு மாதத்துக்கு அதுவும் சேர்ந்தது. புது டைரி வாங்கக் கூடாது, அடுத்த வருசம் டயர் கடையில் கொடுத்தால் பார்ப்போம்.

நேற்று ராத்திரி பனி அதிகம், பிரிவே தெரியவில்லை. ஊர்ந்துதான் போனேன். அவர் ஓடி வரவில்லை. சாலையோரம் நின்றிருந்தார், நடந்து வந்தார். தோளில் கம்பளி. பின்னால் கொஞ்சம் தள்ளி ராமாத்தாள் அம்மா, கையில் டார்ச். இப்போதெல்லாம் பின்னாலேயே வந்து கூட்டிக்கொண்டு போகிறாராம். தூக்கம் என்று ஒன்று அந்த அம்மாவுக்குக் கிடையாது போல, நிற்கும்போதே தலை ஆடுகிறது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சின்னச்சாமியே கேட்டார். "இன்னிக்கும் டபுளுங்களா?"

முதல் தடவையாக 'இன்னிக்கும்' என்றார். எப்படி நினைவிருந்ததோ. "ஆமாங்க" என்றேன்.

போகவில்லை. என் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தார். இத்தனை நாளில் என்னிடம் வந்தது இதுதான் முதல் தடவை. கண்ணாடி விளிம்பில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டார், விரலெல்லாம் சில்லென்று.

"ஏனுங்க டிரைவரு. நீங்க மில்லுக்குள்ள போறவரு. மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. தெனமும் டபுள் பாத்தா அவ ஒடம்பு என்னத்துக்காகறது? வாயத் தொறந்து கேக்க மாட்டாளுங்க அவ. ஒரு நாளாச்சும் லீவு குடுத்து, ஊட்டுல படுத்துத் தூங்கச் சொல்லுங்க."

டார்ச் வெளிச்சம் ஆடியது. நான் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை.

"சொல்றேனுங்க" என்றேன்.

அந்த அம்மா டார்ச்சை அணைத்துவிட்டார்.